அறைக்கு ஏற்ற ஒலிக்கருவி



வீட்டில் இருந்தபடியே திரைப்படம் பார்ப்பதும் இசை கேட்பதும் இன்று நகரத்துச் செல்வர்க்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. சேலத்திலும் நாமக்கல்லிலும், இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும், சுற்றியுள்ள சிற்றூர்களிலுங்கூட அது பரவிவிட்டது. சுவரில் அகன்ற தொலைக்காட்சித் திரை வந்துவிட்டது. திரை வந்தவுடன், அதற்குத் தக்க ஒலி வேண்டும் என்ற ஆசையும் வந்துவிடுகிறது. 'ஹோம் தியேட்டர்' என்று கடைகளில் வழங்கும் கருவித் தொகுதியை வாங்குகின்றனர். அத்தொகுதியின் நடுநாயகமாக விளங்குவது 'ரிசீவர்' என்னும் பெட்டி. அதனைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

'இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது? பணம் இருப்பவன் பெரியதை வாங்குகிறான். இல்லாதவன் சிறியதை வாங்குகிறான்' என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு அன்று. பெரியதை வாங்கி ஒரு சொல்லும் விளங்காமல் தவிப்பவரும் உண்டு. சிறியதை வாங்கி ஒவ்வோர் எழுத்தையும் தெளிவாகக் கேட்டு மகிழ்பவரும் உண்டு. வேற்றுமைக்குக் காரணம் பெட்டியில் இல்லை. அது வைக்கப்படும் அறையில் இருக்கிறது. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பார்கள். அறைக்குத் தக்க ஒலி வேண்டும் என்பேன் நான். முதலில் அறை, அடுத்து ஒலிபெருக்கி, இறுதியில் ரிசீவர்: இதுவே முறை. கடைத்தெருவில் பலர் இம்முறையைத் தலைகீழாக்கிவிடுகின்றனர்.

ரிசீவர் செய்யும் வேலை என்ன? மூன்று வேலைகள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். தொலைக்காட்சி, குறுந்தட்டு, கைபேசி முதலிய பல இடங்களிலிருந்து வரும் ஒலிக்குறிகளை ஏற்பது முதல் வேலை. அக்குறிகளைப் பிரித்து, இது முன்னால் ஒலிக்க வேண்டுவது, இது பக்கத்தில் ஒலிக்க வேண்டுவது என்று பங்கிடுவது இரண்டாம் வேலை. பங்கிட்ட ஒவ்வொன்றையும் மின்னாற்றலால் பெருக்கி, ஸ்பீக்கர் என்று நாம் வழங்கும் ஒலிபெருக்கிக்கு அனுப்புவது மூன்றாம் வேலை. அதற்கு மேல் நடப்பவை யாவும் அறையின் கையில் இருக்கின்றன.

இதனை எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் வாயிலாக விளக்க விரும்புகிறேன். என்னிடம் பயின்ற ஒருவர் பள்ளிபாளையத்தை அடுத்த ஊரில் வசிக்கிறார். அவருடைய தந்தையார் இளமை முதல் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். மாலை வேளையில் பழைய திரைப்படங்களைப் பார்ப்பதே பெரியவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. ஆனால் வசனம் அவருக்கு விளங்குவதில்லை. எனவே ஒலியைக் கூட்டுவார். கூட்டினால் வீடே அதிரும். அடுத்த அறையில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் பேத்தி காதைப் பொத்திக்கொள்வாள். பக்கத்து வீட்டாரும் முகம் சுளிக்கத் தொடங்கினர்.

மகன் ஒரு நாள் என்னிடம் வந்தார். "ஐயா, அப்பாவுக்காக நல்ல ரிசீவர் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். ஏழு ஒலிபெருக்கிகள் உள்ளதுதான் சரியாக இருக்கும் என்று கடையில் சொல்கிறார்கள். விலை, நான் ஒதுக்கிவைத்த தொகையைப்போல் இரு மடங்காகிறது. பெண்ணின் கல்லூரிச் செலவுக்கு வைத்திருப்பதிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்" என்றார்.

"தம்பி, எடுப்பதற்கு முன்னால் வீட்டை ஒருமுறை பார்த்துவிடுவோம்" என்றேன்.

வீட்டின் கூடம் 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் கொண்டது. தரை வழவழப்பான ஓடு பதித்தது. சுவர்கள் சிமெண்டுப் பூச்சு. மேலே கான்கிரீட்டுத் தளம். நடுவில் நின்று கையை ஒருமுறை தட்டினேன். தட்டிய ஒலி உடனே அடங்கவில்லை. 'கிர்ர்' என்று இழுத்துக்கொண்டே சென்றது. நோய் என்ன என்பதை அந்த இழுப்பே சொல்லிவிட்டது.

இந்நோயை முறையாக ஆராய்ந்தவர் வாலஸ் சாபைன் என்னும் அமெரிக்க அறிஞர். 1895-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு விளங்காமல் மாணவர் இடர்ப்பட்டனர். பேசிய சொல் அடங்க 5 நொடிக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அடுத்த பல சொற்கள் வந்து மோதின. குறையைத் தீர்க்கும் பொறுப்பு இளம் ஆசிரியராகிய சாபைனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பக்கத்து அரங்கிலிருந்த இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கினார். ஊர் அடங்கிய இரவு நேரங்களில் ஓர் இசைக்குழலை ஒலித்து நிறுத்தி, அவ்வொலி அடங்கும் காலத்தை அளந்தார். மெத்தைகள் கூடக்கூட அடங்கும் காலம் குறைந்தது. அவ்வளவையெல்லாம் தொகுத்து ஓர் எளிய விதியைக் கண்டார். 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் நகரத்து இசையரங்கம் அவ்விதியைக் கொண்டு அமைக்கப்பட்டதே.

அவ்விதியை நீங்களும் கையாளலாம். அறையின் கன அளவை அடிக்கணக்கில் கண்டு 0.049 ஆல் பெருக்குங்கள். அறையிலுள்ள பரப்புகள் ஒலியை உறிஞ்சும் அளவின் கூட்டுத்தொகையால் அதனை வகுங்கள். வருவது, ஒலி அடங்க ஆகும் நொடிகள். உறிஞ்சும் அளவை எவ்வாறு கணிப்பது? திறந்த சாளரத்தை அளவுகோலாகக் கொண்டார் சாபைன். திறந்த சாளரத்தின் வழியே சென்ற ஒலி திரும்பி வராது. ஆகவே அதன் 1 சதுர அடிக்கு மதிப்பு 1. சிமெண்டுப் பூச்சுக்கும் ஓட்டுத் தரைக்கும் மதிப்பு 0.03 அளவில்தான் இருக்கும். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரைச்சீலைக்கு 0.5 எனக் கொள்ளலாம்.

நண்பரின் கூடத்துக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். கன அளவு 1,800 கன அடி. 0.049 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 88. தரை, தளம், நான்கு சுவர்கள் ஆகியவற்றின் பரப்பு 900 சதுர அடி. அதன் உறிஞ்சும் அளவு 27. எனவே 88-ஐ 27 ஆல் வகுக்க, 3¼ நொடி வருகிறது. பேச்சு தெளிவாக விளங்க அரை நொடியை ஒட்டிய காலமே ஏற்றது. அவ்வாறிருக்க, 3 நொடிக்கு மேல் ஒலி தங்கும் கூடத்தில் ஏழு ஒலிபெருக்கிகளை வைத்து என்ன பயன்? ஒருவர் குழப்புவதை எழுவர் குழப்புவதே பயன்.

நம் முன்னோர்க்கு இவ்விடர் மிகுதியாக இல்லை. ஓட்டு வீடும் கூரை வீடும் முற்றமும் திண்ணையும் ஒலியை அடைத்து வைப்பதில்லை. இந்தச் சமவெளியின் ஊர்களில் ஒரு காலத்தில் விளங்கிய டூரிங் டாக்கீசுகளை உங்கள் தாத்தாக்கள் அறிவர். கீற்றுக் கூரை, மணல் தரை, திறந்த பக்கங்கள், நெருங்கி அமர்ந்த மக்கள்: இவை நான்கும் ஒலியை நன்கு உறிஞ்சுபவை. கருவி எளியதாயினும் அங்கே வசனம் விளங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். சேலத்தில் திரு. டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்சைப் போன்ற பேசும்பட நிலையங்களில் ஒலிப்பதிவுக்கென்று தனித் தளம் அமைத்ததும், எதிரொலி புகுந்து பேச்சைக் கெடுக்கலாகாது என்பதற்காகவே. வானொலி நிலையத்தின் பேச்சு அறைகளில் துளையிட்ட பலகைகளைச் சுவரில் பதிப்பதும் இக்கருத்துப் பற்றியே.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன முதல் யோசனை, ரிசீவர் கடைக்குப் போகாமல் துணிக்கடைக்குப் போங்கள் என்பது. காவிரிக்கு அக்கரையில் பவானி இருக்கிறது. அதன் ஜமக்காளம் பெயர் பெற்றது. தரையில் 90 சதுர அடிக்கு ஜமக்காளம் விரித்தால், தடிப்பைப் பொறுத்து, ஏறத்தாழ 18 அளவு கிடைக்கும். திரைக்கு எதிரான சுவரில் 12 அடி அகலமும் 9 அடி உயரமும் கொண்ட கனத்த பருத்தித் திரைச்சீலை 54 தரும். மெத்தை இருக்கை 15. உட்காரும் நால்வர் 18. சுவரும் தரையும் முன்னரே தந்த 27. கூட்டினால் 132. இப்போது 88-ஐ வகுத்துப் பாருங்கள்: முக்கால் நொடிக்கும் குறைவு. மின்சாரமே இல்லாமல் ஒலி தெளிந்துவிட்டது. ஒலியின் சுருதியைப் பொறுத்து இவ்வெண்கள் மாறும் என்பதையும், துணி வகைகள் தாழ்ந்த முழக்கத்தை அவ்வளவாக உறிஞ்சமாட்டா என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அறைக்கு அடுத்தது ஒலிபெருக்கி. ஒலிபெருக்கிகள் பல ஏன் வேண்டும்? 1931-இல் தமிழின் முதல் பேசும்படமாகிய 'காளிதாஸ்' வெளிவந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்னும் பொறியாளர், நடிகர் திரையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் சென்றாலும் குரல் ஓரிடத்திலிருந்தே வருவதைக் கண்டு, இரு வழி ஒலிப்பதிவுக்கான உரிமை கோரி விண்ணப்பித்தார். 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார், பிலடெல்பியாவில் வாசிக்கப்பட்ட இசையை மூன்று தனி வழிகளில் அனுப்பி வாஷிங்டன் அரங்கில் ஒலிக்கச் செய்தனர். இடம், வலம், நடு என்னும் அம்மூன்று வழிகளே இன்றும் திரையொலிக்கு அடிப்படை. அவற்றுள் நடு ஒலிபெருக்கியே வசனத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது. இதனை மறவாதீர்கள்.

கடையில் 5.1 என்றும், 7.1 என்றும், 5.1.2 என்றும் எண்கள் எழுதியிருப்பதைக் காண்பீர்கள். முதல் எண், கேட்பவரைச் சுற்றி வைக்கும் ஒலிபெருக்கிகளின் தொகை. புள்ளிக்குப் பின் வரும் 1, தாழ்ந்த முழக்கத்துக்கு உரிய தனிப் பெட்டி. மூன்றாவதாக எண் வருமாயின், அது மேலிருந்து ஒலிப்பவற்றின் தொகை. ஏழு ஒலிபெருக்கிகள் வேண்டுமானால், அவற்றுள் இரண்டு கேட்பவரின் முதுகுக்குப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். நண்பரின் கூடத்தில் இருக்கையோ பின்சுவரை ஒட்டியிருக்கிறது. பின்னால் இடமில்லாத அறைக்கு 7 என்னும் எண் வீண் எண்ணே.

எனவே ஐந்து வழிகள் உள்ள ரிசீவர் போதும் என்றும், இப்போதைக்கு முன்னால் மூன்று ஒலிபெருக்கிகளும் ஒரு முழக்கப் பெட்டியும் வாங்கினால் போதும் என்றும் முடிவு செய்தோம். மற்ற இரண்டைப் பின்னர் வாங்கிச் சேர்க்கலாம். முழக்கப் பெட்டியை அறையின் மூலையில் தள்ளிவைக்க வேண்டா என்றேன். இரு சுவர்களும் தரையும் கூடும் மூலை தாழ்ந்த ஒலியை மிகைப்படுத்தும். மிகுந்த முழக்கம் பேச்சின் நுண்ணிய ஒலிகளை மறைத்துவிடும்.

இனி ரிசீவருக்கு வருவோம். விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது 'வாட்' என்னும் ஆற்றல் எண். 80 வாட் கருவியைவிட 100 வாட் கருவி கால் மடங்கு உரக்க ஒலிக்கும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை வேறு. ஒலியின் அளவை டெசிபெல் என்னும் அலகால் குறிப்பர். ஆற்றல் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபெல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். நம் காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 1 டெசிபெல்லே. அதனைக் காது உணர்வதும் அரிது. 80 வாட் கருவியைப்போல் இரு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் 800 வாட் தேவைப்படும்.

நமக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? பல ஒலிபெருக்கிகள் 1 வாட் ஆற்றலில், 1 மீட்டர் தொலைவில், 88 டெசிபெல் அளவுக்கு ஒலிப்பவை. 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏறத்தாழ 10 குறைந்து 78 ஆகும். வீட்டில் வசனம் கேட்க 68 டெசிபெல் தாராளமாகப் போதும். அதற்கு 1 வாட்டில் பத்தில் ஒரு பங்கே செலவாகிறது! இடியும் வெடியும் வரும் காட்சிகளில் 20 டெசிபெல் உயர்ந்தாலும் 10 வாட்டில் முடிந்துவிடும். ஆகையால் இவ்வளவு சிறிய கூடத்துக்கு, நேர்மையாக அளந்து சொன்ன 50 வாட்டோ 80 வாட்டோ மிகையே அன்றிக் குறையன்று.

'நேர்மையாக அளந்து சொன்ன' என்னும் அடைமொழியைக் கவனியுங்கள். ஒரே ஒரு வழியை மட்டும் இயக்கி, ஒரே ஒரு சுருதியை மட்டும் ஒலித்து, ஒலி நூற்றுக்குப் பத்துப் பங்கு சிதையும் வரை முடுக்கி, அப்போது கிடைக்கும் எண்ணை அட்டைப்பெட்டியின் மேல் அச்சிடுவோர் உண்டு. குறைந்தது இரண்டு வழிகளைச் சேர்த்து இயக்கி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 8 ஓம் தடையில், மிகக் குறைந்த சிதைவோடு அளந்த எண்ணே நம்பத்தக்கது. எண்ணைப் பார்ப்பதோடு, அந்த எண் எவ்வாறு வந்தது என்று கேளுங்கள். கணிதப் பாடத்தில் விடைக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. வழிக்கும் உண்டு அல்லவா?

ஓம் என்னும் தடை எண்ணும் கருதத்தக்கது. பள்ளியில் படித்த ஓமின் விதி இங்கே உதவும். 20 வோல்ட் அழுத்தம் 8 ஓம் ஒலிபெருக்கியில் 2.5 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தும். 4 ஓம் ஒலிபெருக்கியில் 5 ஆம்பியரைச் செலுத்தும். ஓட்டம் இரு மடங்கானால் கருவி சூடேறும். ஆதலால் ரிசீவரின் முதுகில் எந்த ஓம் அளவு வரை தாங்கும் என்று குறித்திருக்கிறதோ, அதற்குக் குறைந்த தடையுள்ள ஒலிபெருக்கியை இணைக்கலாகாது. நம் சமவெளியில் கோடை வெயில் 40 பாகை செல்சியசை எட்டுவது உண்டு. அந்நாளில் ரிசீவரை மூடிய அலமாரிக்குள் அடைத்துவைப்பது அதன் ஆயுளைக் குறைப்பதாகும். மேலே அரை அடி இடைவெளியேனும் வேண்டும். சித்திரை, வைகாசியில் இடியுடன் கோடைமழை வரும்போது, மின்செருகியையும் வெளியிலிருந்து வரும் கம்பிவட இணைப்பையும் கழற்றிவிடுவது அறிவுடைமை.

இக்காலத்து ரிசீவர்கள் பலவற்றோடு சிறிய ஒலிவாங்கி ஒன்றும் கொடுக்கிறார்கள். அதனை, நாம் உட்காரும் இடத்தில், காது இருக்கும் உயரத்தில் வைத்தால், ஒவ்வோர் ஒலிபெருக்கியும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கருவியே அளந்துகொள்ளும். ஒலி 1 நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் 1 அடிக்குச் சற்று மிகுதியாகச் செல்லும். ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து வந்தால், முதலில் வந்த திசையையே நம் செவி பற்றிக்கொள்கிறது என்பதை 1949-இல் ஹெல்முட் ஹாஸ் என்னும் ஜெர்மானியர் ஆராய்ந்து காட்டினார். ஆகவே அருகிலுள்ள ஒலிபெருக்கியின் ஒலியைச் சிறிது தாமதித்து அனுப்பி, எல்லாம் ஒருங்கே காதை அடையுமாறு ரிசீவர் செய்கிறது. இவ்வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நன்று. நூறு வாட்டைவிட இது பயன் தரும்.

பெரியவரின் குறைக்கு மீண்டும் வருவோம். அவருக்கு ஒலி கேட்கவில்லையா? கேட்கிறது. சொல்தான் விளங்கவில்லை. இதற்கு நம் இலக்கணத்தைக் கொண்டே விளக்கம் சொல்லலாம். உயிரெழுத்துகள் வலிமையுடையவை, அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகளில் இருக்கிறது. க, ச, ட, த, ப முதலிய வல்லின மெய்கள் குறுகியவை, மெலிந்தவை. அவற்றை வேறுபடுத்திக் காட்டும் கூறுகள் உயர்ந்த சுருதிகளில் இருக்கின்றன. விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் 90 டெசிபெல்லைக் கடந்து செல்வது வழக்கம். பல்லாண்டுகள் அதில் நின்றவரின் செவியில் முதலில் தேய்வது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த சுருதிகளைப் பற்றும் ஆற்றலே. ஆகவே பெரியவருக்கு உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினால் முன்னரே வலிமையுள்ள உயிர் மேலும் உரக்க ஒலித்தது. அவ்வுயிரின் எதிரொலி, அடுத்து வந்த மெலிந்த மெய்யை மூடிற்று. கூட்டக் கூட விளங்காமைக்குக் காரணம் இதுவே.

ஜமக்காளமும் திரைச்சீலையும் வந்தன. ஐந்து வழி ரிசீவர் ஒன்றும் வந்தது. நடு ஒலிபெருக்கியை மட்டும் 3 டெசிபெல் உயர்த்தினோம், முழக்கத்தைத் தாழ்த்தினோம். மெல்லிய ஒலியை உயர்த்தி, பேரொலியை அடக்கும் 'இரவு நிலை' என்னும் அமைப்பையும் இயக்கினோம். முன்பு வைத்ததைவிடக் குறைந்த ஒலியில் பெரியவர் வசனத்தைப் பின்பற்றினார். எல்லாச் சொல்லும் விளங்கிற்று என்று சொல்லமாட்டேன். தேய்ந்த செவி நரம்பை எந்த ரிசீவரும் புதுப்பிக்காது. செவி மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்று, செவித்துணைக் கருவி பொருத்தியது அதன் பின்னரே. பேத்தியின் படிப்பு தடைப்படவில்லை. அவளுடைய கல்லூரிக்கு வைத்த பணத்திலும் கைவைக்க நேரவில்லை.

மாணவர்களே, இதில் உங்களுக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. பெரியவர் வயிற்றுப் பிழைப்புக்காகச் செவியை இழந்தார். இன்று தறிக்கூடத்தில் நிற்பவர் காதடைப்பான் அணிந்து அதனைக் காத்துக்கொள்ள இயலும். ஆனால் இளைஞர் பலர் எந்தத் தேவையுமின்றி, பொழுதுபோக்குக்காகவே செவியை இழக்கின்றனர். உலக நல நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட அளவின்படி, 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒலி 3 டெசிபெல் உயரும்தோறும் நேரம் பாதியாகக் குறையும். 83-க்கு 20 மணி. 86-க்கு 10 மணி. 89-க்கு 5 மணி. 92 டெசிபெல்லில் வாரம் முழுவதற்கும் இரண்டரை மணிதான். ஒரு திரைப்படத்தோடு கணக்கு முடிந்துவிடும்.

அண்டை வீட்டாருக்கும் செவி உண்டு. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல் என்றும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்றும் வரம்பு கட்டியிருக்கின்றன. சட்டத்துக்காக மட்டும் அன்று. நம் வீட்டு மகிழ்ச்சி பிறர் வீட்டுத் துன்பம் ஆகலாகாது என்பதற்காகவும் அதனைப் போற்ற வேண்டும். தாழ்ந்த முழக்கம் சுவரைக் கடந்து செல்லும் இயல்புடையது. இரவில் முழக்கப் பெட்டியை நிறுத்திவிடுவது நல்ல பண்பு.

சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன். அறையின் நீள அகல உயரத்தை அளந்து எழுதுங்கள். கைதட்டிப் பாருங்கள், ஒலி இழுத்தால் முதற் செலவு துணிக்கும் மெத்தைக்கும் ஆகட்டும். எங்கே உட்காருவீர்கள், பின்னால் எவ்வளவு இடம் உண்டு என்று பார்த்து ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். அவற்றின் ஓம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கடைக்குச் சென்று, அந்த ஓமைத் தாங்கி, நேர்மையான 50 முதல் 80 வாட் வரை தரும் ரிசீவரைக் கேளுங்கள். தொலைக்காட்சியின் ஒலி ஒரே கம்பியில் ரிசீவருக்குத் திரும்பிவரும் 'ஏ.ஆர்.சி.' என்னும் இணைப்பு இரண்டிலும் உள்ளதா என்று பாருங்கள். நீங்கள் நன்கறிந்த ஒரு படத்தின் பேச்சுக் காட்சியைப் போட்டுக் கேளுங்கள். வெடிச் சத்தத்தைப் போட்டுக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள். வெடி எல்லாக் கருவியிலும் வெடிக்கும். மெல்லப் பேசும் தாயின் சொல் எதில் தெளிவாக விளங்குகிறதோ, அதுவே நல்ல கருவி.

ரிசீவர் வாங்கும் எண்ணம் இல்லாதவரும் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். உங்கள் வகுப்பறையின் அளவுகளை எடுத்துச் சாபைனின் விதியைப் போட்டுப் பாருங்கள். அறை வெறுமையாக இருக்கும்போது கைதட்டுங்கள். நாற்பது மாணவர் அமர்ந்தபின் மீண்டும் தட்டுங்கள். ஒலி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைக் கேளுங்கள். கடைசி வரிசையில் இருப்பவனுக்கு ஆசிரியர் சொல்வது ஏன் விளங்கவில்லை என்பதற்குச் சில வேளை அவனுடைய கவனக்குறைவு காரணமாக இராது. அறையே காரணமாக இருக்கும். அதைக் கண்டறிந்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். சாளரத்தைத் திறப்பதாலோ, சுவரில் துணி தொங்கவிடுவதாலோ ஒரு மாணவனுக்குப் பாடம் விளங்குமானால், அதைவிடச் சிறந்த பௌதிகப் பயிற்சி வேறு இல்லை.